தொட்டில் கட்டிலுக்கு இலவம்பஞ்சு மெத்தையா? தெரியாமல் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்

கொங்குத்தென்றல்: நேற்று இந்த மன்றத்தின் இன்னொரு திரியில் (விவாதத்தில்) போடிமெட்டு என்பவர் எழுதியது இது: "குழந்தைக் கட்டிலுக்கு இலவம்பஞ்சுதான் போட வேண்டும். தேங்காய் நார் மெத்தை, ஃபோம் எல்லாம் ரசாயனக் குப்பை." எட்டு மாதக் குழந்தையின் அம்மா ஒருவர் அதை நம்பி ஆர்டர் கொடுக்கப் போகிறாராம். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வயதுக்கு மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். குழி அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். இலவம்பஞ்சில் குழி நிற்கும். குப்புறத் திரும்பிய குழந்தையின் முகம் அதில் புதைந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் புதுப்பித்த பரிந்துரையிலும் கெட்டியான, சமமான படுக்கை, மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணை கூடாது என்றுதான் இருக்கிறது.

போடிமெட்டு: என் பாட்டி, என் அம்மா, நான், என் பிள்ளைகள் எல்லோரும் இலவம்பஞ்சில் படுத்து வளர்ந்தவர்கள்தான். யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. எங்கள் ஊரில் பஞ்சை இறுக்கி அடைத்துத் தைத்தால் பெரியவர் உட்கார்ந்தாலே குழி விழாது. நீங்கள் பார்த்தது கலப்படப் பஞ்சாக இருக்கும். அமெரிக்காக்காரன் சொன்னால்தான் உங்களுக்கு வேதம்.

கொங்குத்தென்றல்: தைத்த அன்று விழாது. சில மாதம் கழித்து அழுத்திப் பாருங்கள். இலவம் இழை உள்ளே காற்றடைத்த மெல்லிய குழல். நசுங்கினால் தானாக எழாது. அதனால்தானே வெயிலில் போட்டு, பிரித்து அடித்து, மறுபடி அடைக்கிறோம்? குழி நிற்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மழலைமொழி: ஆர்டர் கொடுக்க இருந்தது நான்தான். கட்டிலின் உள்ளளவு 140க்கு 70 செ.மீ. கடைக்காரர் 4 அடிக்கு 2 அடி மெத்தை போதும் என்கிறார். போதுமா?

தாமிரபரணி: போதவே போதாதும்மா. 4 அடி என்றால் 122 செ.மீ.தான். கால்மாட்டில் 18 செ.மீ. சந்து விழும், பக்கவாட்டில் 9. குழந்தை அதில் சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையக் கூடாது. உயரமும் பாருங்கள்: அமெரிக்காவில் தொட்டில் மெத்தைக்கு 6 அங்குலம்தான் உச்சம். அதற்கு மேல் போனால் குழந்தை எழுந்து நின்று கம்பியைத் தாண்டிவிடும். அப்புறம் கொங்குத்தென்றல், இவ்வளவு நேரம் 'கெட்டி, கெட்டி' என்கிறீர்களே, எவ்வளவு கெட்டி? ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2013இல் இதை அளப்பதற்கென்றே ஒரு தரநிலை போட்டிருக்கின்றன. முதலில் அதைப் பேசலாமே.

கொங்குத்தென்றல்: அளவெல்லாம் அப்புறம். போடிமெட்டு இன்னும் குழிக்குப் பதில் சொல்லவில்லை.

போடிமெட்டு: பதில் சொல்லியாகிவிட்டது. நீங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தானே? உங்கள் மாமனாருக்கு நார் மில் இருப்பதைப் போன வருஷம் நீங்களே எழுதினீர்கள். செக்கு எண்ணெய்த் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

கொங்குத்தென்றல்: மில் இருக்கிறது, மறைக்கவில்லை. மாமனாருக்கு மில் இருந்தால் பஞ்சில் விழுந்த குழி நிரம்பிவிடுமா? செக்கு எண்ணெய்த் திரியில் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நார் மெத்தையில் தேங்காய் நாரை ரப்பர் பால் விட்டுப் பிணைக்கிறார்கள். அழுத்தினால் எழும். குழந்தைக்கு அதுதான் முக்கியம்.

பனைநிழல்: கட்டிலே எதற்கு? அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டுங்கள். மெத்தைச் செலவே கிடையாது. நம் பிள்ளைகள் அதில்தான் தூங்கினார்கள்.

கொங்குத்தென்றல்: தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும். மூச்சுக்குழல் மடங்கும். நான் சொன்ன அதே பரிந்துரையில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எதிலும் தூங்க வைக்க வேண்டாம் என்றிருக்கிறது.

பனைநிழல்: தூளியைக் குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டீர்களா? உங்களை உங்கள் அம்மா எதில் போட்டு ஆட்டினார்? டிகிரி பார்த்தா ஆட்டினார்?

கொங்குத்தென்றல்: என் அம்மாவை இதில் இழுக்காதீர்கள்.

போடிமெட்டு: என் பாட்டி சமாச்சாரத்தை 'அன்று விழாது' என்று ஒரே வரியில் தள்ளினீர்களே, அப்போது எங்கே போயிற்று இந்த ரோஷம்?

தாமிரபரணி: மழலைமொழி, இவர்கள் சண்டை முடியாது. கட்டிலை அளந்து, கடைக்காரரிடம் அந்த அளவுக்கே கெட்டி ஃபோமோ நாரோ வெட்டித் தரச் சொல்லுங்கள். உறை இறுக்கமாக இருக்கட்டும்.

மழலைமொழி: சரிங்க. நாருக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டால் வேர்க்குமா? சென்னையில் இருக்கிறோம்.

போடிமெட்டு: வேர்க்கும். இலவம்பஞ்சில் வேர்க்காது. அதையும் எழுதுங்கள் கொங்குத்தென்றல்.

கொங்குத்தென்றல்: வேர்த்தால் துடைக்கலாம், ஃபேன் போடலாம். குழி நிற்கிறதா, இல்லையா? காலையிலிருந்து கேட்கிறேன். உங்கள் வீட்டு மெத்தையில் கையை அழுத்தி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.

போடிமெட்டு: உங்களுக்குப் படம் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை. முதலில் நீங்கள் மில்லில் என்ன பசை ஊற்றுகிறார்கள் என்று படம் போடுங்கள்.