வேர் (WHERE) கண்டிஷன் இல்லாமல் ஓடிய அப்டேட்: இனி எப்படி வேலை செய்வது?

கரூர்_டெவ்:
மருந்து மொத்த வியாபாரத்துக்கான மென்பொருளில் 2 வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். போன வாரம் ஒரே ஒரு கஸ்டமரின் கடன் வரம்பை மாற்றச் சொல்லி டிக்கெட் வந்தது. டேட்டாவை மாற்றும் அப்டேட்டை எழுதி, எந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் கண்டிஷனை அடுத்த வரியில் வைத்திருந்தேன், அவசரத்தில் முதல் வரியை மட்டும் செலக்ட் செய்து ரன் கொடுத்துவிட்டேன். மாறிய வரிசைகள் 1 என்று வரவேண்டிய இடத்தில் 41,286 என்று வந்தது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், ஆட்டோகமிட் ஆன், அதாவது ஓட்டியது உடனே நிரந்தரமாகிவிடும். கை நடுங்கிவிட்டது. 20 நிமிடம் யாரிடமும் சொல்லாமல் நானே சரிசெய்யப் பார்த்தேன், அப்புறம்தான் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ அண்ணனிடம் ஓடினேன். அவர் பேக்கப்பிலிருந்து அந்த டேபிளை மட்டும் தனியாக எடுத்து இரவு 11 மணிக்குள் சரிசெய்து கொடுத்தார். இனி டெவலப்பர் யாருக்கும் நிஜ டேட்டா ஓடும் புரொடக்‌ஷனில் எழுதும் உரிமை கிடையாது என்கிறார் மேனேஜர். அவசரம் என்றால் என்ன செய்வது? இது சரியா?

பழைய_டிபிஏ:
சரிதான் தம்பி, இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்க மட்டும் ஒரு யூசர், மாற்றம் எதுவானாலும் ஸ்கிரிப்டாக எழுதி இன்னொருவர் பார்த்த பிறகுதான் ஓட்டுவது, இப்படி இருந்தால் உங்களுக்கே ராத்திரி தூக்கம் வரும். எனக்கு உறுத்துவது அந்த 20 நிமிடம்தான். மாற்றங்களைக் குறித்துவைக்கும் பின்லாக், ரோ (வரிசை) வடிவில் முழுதாகப் பதிவாகியிருந்தால் மாறுவதற்கு முன்பிருந்த மதிப்பும் அதிலேயே இருக்கும், எடுத்துத் திருப்பி எழுதலாம், ஆனால் நேரம் போகப் போக அதே வரிசைகளில் வேறு ஆட்களும் கை வைத்திருப்பார்கள், அதற்கு மேல் நீங்கள் வேறு சரிசெய்கிறேன் என்று இரண்டு அப்டேட் ஓட்டியிருந்தால் எது எதன் மேல் விழுந்தது என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும். தப்பு நடந்த அடுத்த நிமிடமே சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

நெல்லை_கோடர்:
எங்கள் டீமில் 4 பேர்தான், தனி டிபிஏ கிடையாது, அதனால் உரிமையை முழுக்கப் பிடுங்கினால் ஓடாது. அவசரத்துக்கென்று தனி யூசர் வைத்து, யார் எப்போது எடுத்தார்கள் என்று டிக்கெட்டில் எழுதுகிறோம். மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டில் சேஃப் அப்டேட்ஸை ஆன் செய்துவிடுங்கள், வேரில் கீ காலமோ (column), எத்தனை வரிசை என்ற லிமிட்டோ இல்லாத அப்டேட்டை அது ஓடவே விடாது. முதலில் அதே வேரோடு செலக்ட் கவுன்ட் போட்டு எத்தனை வரிசை என்று எண்ணுங்கள், அப்புறம் ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன், அப்டேட், எண் ஒத்துப்போனால் கமிட் கொடுத்து நிரந்தரமாக்குங்கள், இல்லையென்றால் ரோல்பேக் கொடுத்துப் பழையபடி திருப்புங்கள். ஆனால் ஒன்று, கமிட் கொடுக்காமல் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அந்த வரிசைகள் பூட்டியே கிடக்கும், அதை மாற்ற வருகிறவர்கள் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபியில் வழக்கமான செட்டிங்படி 50 விநாடி காத்திருந்து எரர் வாங்குவார்கள்.

பேக்கப்_பைத்தியம்:
உங்கள் அண்ணன் அன்று இரவே மீட்டார் என்றால் ரீஸ்டோரை அவர் முன்பே செய்து பழகியிருக்கிறார் என்று அர்த்தம், அதுதான் பெரிய விஷயம். 2017 ஜனவரி 31 அன்று கோடு சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒரு இன்ஜினியர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார், நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி பேக்கப்பைத் தேடினால் எதுவுமே இல்லை. அவர்களின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 9.6-க்கு, பழைய 9.2-இன் டம்ப் (பேக்கப் எடுக்கும்) கருவி ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் ஸ்டேஜிங் என்ற சோதனை சர்வருக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. அவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் இன்று நாம் படிக்கிறோம். பேக்கப் ஜாப் பச்சையாக (வெற்றி என்று) இருக்கிறது என்று நம்பாதீர்கள், மாதம் ஒருமுறையாவது வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

கரூர்_டெவ்:
எல்லோருக்கும் நன்றி. அந்த 20 நிமிடத்தில் நான் என்னென்ன ஓட்டினேன் என்று வரிசையாக எழுதி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். திட்டவில்லை, படித்துவிட்டு சனிக்கிழமை ரீஸ்டோர் செய்யும்போது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்.