பிற்சேர்க்கை ஆளி: சொல் தேர்வு குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். காரின் நடுப்பகுதியில் நாமாகப் பொருத்திக்கொள்ளும் சுவிட்சுகளைத் தமிழில் எவ்வாறு அழைக்கலாம் என்று சென்ற வாரம் நான் கேட்டதற்குப் 'பின்சந்தை நிலைமாற்றி', 'வெளிச்சந்தைச் சொடுக்கி', 'துணைச்சாவி' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. திருகோணமலையில் வாகன மின்வேலை பழகும் இளைஞர்களுக்காக நான் எழுதிவரும் நான்கு பக்கச் செய்முறைத் தாளுக்கே இச்சொல் தேவைப்படுகிறது என்பதால், மூன்றையும் அவர்களிடமே வாசித்துக் காட்டிய பின்னர் இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் 'பின்சந்தை' பற்றி. அதைக் கேட்ட ஒரு பையன், பழைய சாமான் விற்கும் சந்தையா என்று கேட்டான். அவன் மீது குற்றமில்லை. அச்சொல்லைப் பிரித்துப் பார்க்கும் எவருக்கும் சந்தைக்குப் பின்புறம் என்றோ, இரண்டாந்தரச் சந்தை என்றோதான் தோன்றும். 'aftermarket' என்ற ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அடுக்கியதால் வந்த வினை இது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வாகனத்தைச் செய்த நிறுவனமல்லாத பிறர் தயாரித்து விற்கும் பாகம் எல்லாவற்றையும் அந்த ஆங்கிலச் சொல் குறிக்கும். கண்ணாடி ஏற்றும் சுவிட்ச் பழுதாகி, அதே இடத்தில் வேறு நிறுவனம் செய்த ஒன்றைப் போட்டாலும் அது அவ்வகையில் அடங்கிவிடும். ஆனால் மின்சுற்றில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. மறுதலையாக, தயாரிப்பாளரே விற்கும் பனிவிளக்குச் சுவிட்சை வாங்கி, இதுவரை மூடியால் அடைபட்டிருந்த இடத்தில் பொருத்தினால், அது அவ்வகையில் சேராது. ஆனால் புதிய வயர், புதிய உருகி (பியூஸ்), புதிய சுமை எல்லாம் வந்துவிடும். வேலை பழகுபவனுக்குத் தெரிய வேண்டியது பாகத்தை யார் செய்தார் என்பதா, சுற்றில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறதா என்பதா? என் தாளைப் பொறுத்தவரை இரண்டாவதுதான். ஆகவே பிறர் செய்த மாற்றுப் பாகத்துக்குப் 'பிறர் தயாரிப்பு' என்ற எளிய தொடரே போதும் என்றும், புதிதாகச் சேர்ப்பதற்குப் 'பிற்சேர்க்கை' என்ற சொல்லைக் கொள்ளலாம் என்றும் முன்வைக்கிறேன். நூலின் இறுதியில் பின்னர் சேர்க்கப்படும் பகுதியைப் பிற்சேர்க்கை என்று நாம் ஏற்கெனவே சொல்லிவருகிறோம். பொருள் சிறிதும் திரியாமல் வாகனத்துக்கும் பொருந்துகிறது.

இச்சொல் எனக்குத் தோன்றிய சூழலையும் சொல்ல வேண்டும். கடந்த மாரியில் அநுராதபுரச் சந்திக்கு அருகிலுள்ள ஒரு கராஜில் நான் நின்றபோது, கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் வான் ஒன்று வந்தது. கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இரவில் யானைகள் வீதிக்கு வருமாதலால், அதன் உரிமையாளர் 55 உவாற்று விளக்குகள் இரண்டை முன்புறம் பூட்டி, அவற்றுக்கான சுவிட்சைக் கியர் தண்டின் பக்கத்தில் வைத்திருந்தார். விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன என்பது அவருடைய முறைப்பாடு. மேல்மூடியை நெம்பி எடுத்தபோது, சுவிட்சின் பின்புற முனையைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மெழுகுபோல இளகி மீண்டும் இறுகியிருந்தது. உப்புக் காற்றில் செம்புக் கம்பியின் நுனி களிம்பேறிப் பச்சையாகிக் கிடந்தது. எட்டிப் பார்த்த பையன் உடனே, "இது கம்பனிச் சுவிட்ச் இல்லை ஐயா, பிறகு போட்டது" என்றான். அந்த 'பிறகு போட்டது' என்ற சொற்களில் நாம் தேடும் கலைச்சொல் முழுவதும் இருக்கிறது. பிற்சேர்க்கை என்பது அதன் எழுத்து வடிவமே.

அடுத்து, சுவிட்சுக்கு 'நிலைமாற்றி', 'சொடுக்கி', 'சாவி' ஆகியவற்றுக்குப் பதிலாக 'ஆளி' என்பதையே நான் வேண்டுகிறேன். இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் அது பழகிய சொல். வாகனத்தைப் பற்றிப் பேசும்போது 'சாவி' என்றால் இயந்திரத்தை இயக்கும் சாவிதான் நினைவுக்கு வரும். 'சொடுக்கி'யைக் கணினிச் சுட்டிக்கும் பலர் வழங்குகிறார்கள். ஆயினும் ஆளியில் ஒரு குறை இருப்பதை மறைக்க விரும்பவில்லை. முன்சொல்லோடு புணர்ந்தால் அது ஆளைக் குறிக்கும் விகுதியாகி, தொழிலாளி, நோயாளி என்பவற்றின் வரிசையில் போய் நின்றுவிடும். 'பிற்சேர்க்கையாளி' என்று எழுதினால் யாரோ ஒருவரை எண்ணத் தோன்றும். எனவே இச்சொல்லை எப்போதும் புணர்த்தாமல், இடம் விட்டுப் 'பிற்சேர்க்கை ஆளி' என்றே எழுதுவது என்று நாம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதே காரணத்தால்தான், சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலேக்கு 'ஏவலாளி' என்று ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க இயலவில்லை. 'அஞ்சல்' என்ற பரிந்துரையும் பிழையான படத்தையே மனத்தில் எழுப்புகிறது. அஞ்சலோட்டத்தில் ஒருவர் கொண்டுவந்த அதே கோலைத்தான் அடுத்தவர் வாங்கி ஓடுகிறார். ரிலேயில் அப்படி எதுவும் கைமாறுவதில்லை: ஆளி வழியே சுருளுக்குச் செல்லும் 0.2 அம்பியர் அளவான சிறிய மின்னோட்டம் அங்கேயே தன் சுற்றை முடித்துக்கொள்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் தொடுமுனையை இழுத்து மூட, மின்கலவடுக்கிலிருந்து (பற்றரியிலிருந்து) நேரே வரும் வேறொரு பெரிய மின்னோட்டம் விளக்குக்குப் போகிறது. அந்த வானில் நடந்த தவறும் இதுதான். 110 உவாற்றுக்கு 12 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் தேவை. ரிலே இல்லாமல் அது முழுவதும் சின்னஞ்சிறு ஆளி வழியே போனது, களிம்பு தடையைக் கூட்டியது, தடை வெப்பத்தைக் கூட்டியது. வயரில் உருகியும் இருக்கவில்லை. பொருத்தமான சொல் கிடைக்கும்வரை ரிலே ரிலேயாகவே இருக்கட்டும். முனைகளின் 30, 85, 86, 87 என்ற எண்களைப் பையன்கள் ஏற்கெனவே மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

இனி, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் இடையே கியர் தண்டைச் சூழ்ந்து மேடாக இருக்கும் அந்தப் பகுதி. 'நடுமேடை' என்றால் நாடகம் நினைவுக்கு வருகிறது. 'பேழை' என்றால் திறந்து மூடும் பெட்டி மட்டுமே புலப்படுகிறது. கடலோரத்தில் வாழும் எங்களுக்கு மணல்திட்டு தெரியும், சுற்றுப்புறத்தைவிடச் சற்றே உயர்ந்து நடுவில் கிடப்பது என்று. ஆதலால் 'நடுத்திட்டு' என்பது என் பரிந்துரை. 'திட்டு' தனியே நின்றால் வசவையும் குறிக்குமே என்ற தடை எழலாம். 'நடு' முன்னால் நிற்கும்போது அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

வெற்று இடங்களை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் துண்டுக்கு 'வெறுமூடி' போதும். அழுத்தினால் அந்த நிலையிலேயே நிற்பதை 'நிற்கும் ஆளி' என்றும், கையெடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புவதை 'மீளும் ஆளி' என்றும் எழுதியிருக்கிறேன். மேலதிக ஹோர்னுக்கு நிற்கும் ஆளியைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுத்தபோது, இவ்விரு பெயர்களும் விளக்கமின்றியே அவர்களுக்குப் பிடிபட்டன.

தாளில் உள்ள முதல் வாக்கியம் தற்போது இவ்வாறு இருக்கிறது: "நடுத்திட்டின் வெறுமூடியைக் கழற்றிப் பிற்சேர்க்கை ஆளியைப் பொருத்துமுன், மின்கலவடுக்கின் எதிர் (−) முனையைக் கழற்றிவிடுக." இதை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் பிரதியெடுக்கக் கொடுக்க இருப்பதால், நடுத்திட்டுக்கு இதனினும் தெளிவான சொல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் உறுப்பினர்