கன்னத்துக் கட்டிக்கு பி16 பார்த்த கதை: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

மேல்புறத்துக்காரன்:

வாய், தொண்டை கேன்சர் ரிப்போர்ட்டில் "மார்க்கர்" (கட்டியின் குணத்தைக் காட்டுகிற அடையாளம்) என்று சில வரிகள் வருமே, அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன பாடு பட்டோம் என்று ஆளாளுக்குச் சொன்னால் இனிமேல் ரிப்போர்ட் வாங்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பெரியப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால் வாயில் வெற்றிலை, பாக்கு, போயிலை இருந்தாக வேண்டும், அதையும் எப்போதும் இடது கன்னத்தில்தான் ஒதுக்குவார். கட்டி வந்ததும் அதே இடது கன்னத்தின் உள்பக்கம். பயாப்சி (கட்டியில் துளி சதை எடுத்துப் பார்க்கிற சோதனை) செய்த தனியார் லேப், நாங்கள் கேட்காமலேயே பி16 என்ற சோதனையும் செய்து அதற்குத் தனி பில் போட்டது. ரிசல்ட் நெகட்டிவ். கொரோனா காலத்துப் பழக்கம், நெகட்டிவ் என்றாலே நல்ல செய்தி. "நெகட்டிவ்னா நல்லதுதானல மக்கா" என்று பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் ஷார்ஜாவில் இருக்கிற அவர் மகன் போனில் அழுகிறான். பி16 என்பது எச்பிவி வைரஸுக்கான அடையாளம், வைரஸ் உள்ள கட்டி என்றால் மூன்று வருஷம் கழித்து 100க்கு 82 பேர் உயிரோடு இருக்கிறார்கள், வைரஸ் இல்லாவிட்டால் 57 பேர்தான் என்று எங்கோ படித்திருக்கிறான். பெரியம்மா அன்றைக்குப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, அடுப்பும் எரியவில்லை.

திருவனந்தபுரத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது கவிளாணு, தொண்டையல்ல. ஆ வரி விட்டேக்கு" என்றார், அதாவது இது கன்னம், தொண்டை இல்லை, அந்த வரியை விட்டுவிடு என்று. அப்புறம்தான் விளங்கியது. மகன் சொன்ன எண்கள் பொய்யில்லை, 2010ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் வந்தவைதான். ஆனால் அந்த ஆய்வில் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் டான்சில், நாக்கின் அடிப்பகுதி என்று தொண்டையின் நடுப்பாகத்தில் கட்டி. வெற்றிலை ஒதுக்கிற கன்னத்தில் வரும் கட்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் வாய்க்குள் வருவதில் பெரும்பாலானவை போயிலையும் பாக்கும் செய்த வேலை, அங்கே பி16 நெகட்டிவாக வருவதுதான் வழக்கம், அதில் சந்தோஷப்படவும் ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை.

டாக்டர் பேனாவால் வட்டம் போட்டது வேறு சமாசாரங்களை. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பெரிய ரிப்போர்ட்டில் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று இருந்தது, 7 மில்லிமீட்டர். 2018 முதல் நடப்பில் இருக்கிற ஸ்டேஜ் கணக்கில், வாய்க்குள் வரும் கட்டிக்கு அகலத்தோடு ஆழத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், 5 மில்லிமீட்டர் தாண்டினால் ஒரு படி, 10 தாண்டினால் அடுத்த படி. வெட்டிய ஓரத்தில் கேன்சர் இருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் போயிருக்கிறதா, கழுத்து நெறியில் (நிணநீர்க் கட்டியில்) இருக்கிறதா, நெறியின் தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டதா, இதெல்லாம் தனித்தனியாகப் பார்த்தார். இவற்றில் எதற்கும் நவீன மார்க்கர் என்ற பெயர் கிடையாது, தனி பில்லும் கிடையாது. பெரியப்பாவுக்கு அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்தது இந்த வரிகள்தான்.

கழுத்து விஷயத்தில் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. வெளியே தடவினால் ஒரு நெறியும் கையில் படவில்லை, ஸ்கேனிலும் இல்லை, அப்படியிருக்க கழுத்தை எதற்குக் கீற வேண்டும் என்று சித்தப்பா ஒரே பிடிவாதம். மும்பை டாடா மெமோரியலில் இதையே சோதித்துப் பார்த்து 2015ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். ஆரம்ப நிலை வாய்க் கேன்சரில் முதலிலேயே கழுத்து நெறிகளை எடுத்தவர்களில் மூன்று வருஷத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு, நெறி கட்டின பிறகு எடுக்கலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். சித்தப்பா வாயை மூடினார். எடுத்துப் பார்த்தால் ஒரு நெறியில் கேன்சர் இருந்தது, ஆனால் தோலைத் தாண்டவில்லை. அதனால் கீமோ இல்லாமல் ரேடியேஷன் மட்டும். தாண்டியிருந்தால், அல்லது வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருந்திருந்தால், கூடவே கீமோவும் சேர்த்திருப்பார்கள்.

பாறசாலை அக்கா:

எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர். என் வீட்டுக்காரருக்கு வாயில் புண்ணே கிடையாது, கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி, டிபியாக இருக்கும் என்று ஊரில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார். ஊசியால் கட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் கேன்சர், தேடிப் போனால் டான்சிலில் இருந்து வந்திருக்கிறது, பி16 பாசிட்டிவ். வைரஸால் வரும் தொண்டைக் கேன்சர் இப்படிக் கழுத்து நெறியாகத்தான் பல பேருக்கு முதலில் தலைகாட்டுமாம்.

டாக்டர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சம் வந்தது, எங்கள் வீட்டில்தான் வேறு பிரச்சினை ஆரம்பித்தது. எச்பிவி எப்படித் தொற்றும் என்று நாத்தனார் மகள் போனில் தேடிப் பார்த்து, உடலுறவால் தொற்றுவது என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரை ஒரு மாதிரி, என்னை ஒரு மாதிரி. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் சேச்சிதான் உட்கார வைத்துச் சொன்னார்: இந்த வைரஸ் வாழ்நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஒருமுறையாவது வந்து தானாகவே போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கி இருபது முப்பது வருஷம் கழித்துக் கேன்சராகும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் படிக்கிற பெண்கள் யாராவது ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு புருஷனிடம் கணக்குக் கேட்கப் போனால், தயவுசெய்து முதலில் சிகிச்சை முடியட்டும்.

இன்னொன்று. பாசிட்டிவ் என்றால் சீக்கிரம் குணமாகும் என்கிறார்களே, அப்படியானால் மருந்தைக் குறைக்கலாமா என்று நான் கேட்டேன். கூடாது என்றார் டாக்டர். வைரஸ் உள்ளவர்களுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018ல் வந்தன, இரண்டிலும் சிஸ்பிளாட்டின் போட்டவர்கள்தான் கூடுதலாகப் பிழைத்தார்கள். இவர் பஸ் கண்டக்டர், சிகரெட் வேறு. மேல்புறத்துத் தம்பி சொன்ன அதே 2010 ஆய்வில், பத்து வருஷம் தினம் ஒரு பாக்கெட் என்ற அளவுக்கு மேல் புகைத்து, நெறியும் அதிகம் இருந்தவர்களை வைரஸ் இருந்தாலும் நடுத்தர ஆபத்துப் பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே முழு ரேடியேஷன், முழு சிஸ்பிளாட்டின். மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் சோறே இறங்காத மனுஷன், கஞ்சித் தண்ணியையும் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். இப்போது சாப்பிடுகிறார், உறைப்பு மட்டும் ஆகாது.

லேப் தம்பி, நாகர்கோவில்:

நான் பேத்தாலஜி லேபில் டெக்னீசியன். பி16 என்பது நம் உடம்பில் உள்ள ஒரு புரதம், வைரஸ் அல்ல. எச்பிவி செல்லுக்குள் புகுந்து, செல் பெருகாமல் பிரேக் பிடிக்கிற இன்னொரு புரதத்தைக் கெடுத்துவிடும், அப்போது பி16 எக்கச்சக்கமாக ஏறும். நாங்கள் அதற்குச் சாயம் ஏற்றினால் ஸ்லைடு பழுப்பாகத் தெரியும். லேசாக அங்கங்கே பழுப்பு இருந்தால் போதாது, குறைந்தது 70 சதவீதக் கேன்சர் செல்களில், கருவிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் நன்றாக ஏறியிருந்தால்தான் பேத்தாலஜிஸ்ட் பாசிட்டிவ் என்று கையெழுத்துப் போடுவார். போயிலையால் வருகிற கட்டிகளில் இந்தப் புரதம் பெரும்பாலும் காணாமலே போயிருக்கும், அதனால்தான் அண்ணனின் பெரியப்பாவுக்கு நெகட்டிவ்.

பாறசாலை அக்கா கேட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்: பி16 ரிசல்ட்டும் நேரடி எச்பிவி சோதனை ரிசல்ட்டும் சுமார் பத்தில் ஒருவருக்கு ஒத்துப் போகாது. சந்தேகமான கேஸில் டாக்டரே இரண்டையும் கேட்பார். கன்னம், நாக்கின் முன்பகுதி, ஈறு இதற்கெல்லாம் பி16 வழக்கமாகப் பார்க்கத் தேவையில்லை. பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள், வேறென்ன.

கொழிஞ்சாம்பாறை:

அம்மாவுக்கு நாக்கில் வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வந்ததுங்க. அப்பத்தான் பிடி-எல்1 என்ற புரதத்துக்கான சோதனை, சிபிஎஸ் ஸ்கோர் என்று ஒன்றைக் கேள்விப்பட்டோம். கேன்சர் செல்லிலும் அதைச் சுற்றி நிற்கிற நோய் எதிர்ப்பு செல்லிலும் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி ஒரு எண் போடுகிறார்கள். 2019ல் வந்த ஆய்வில் ஸ்கோர் 20ம் அதற்கு மேலும் உள்ளவர்கள் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிற பெம்ப்ரோலிசுமாப் மருந்தை மட்டும் போட்டபோது நடுவாக 14.9 மாசம் உயிரோடு இருந்தார்கள், பழைய கீமோ கூட்டில் 10.7 மாசம். அம்மாவுக்கு ஸ்கோர் 8. ஸ்கோர் 1ம் அதற்கு மேலும் இருந்தாலே பலன் உண்டுதான், ஆனால் அந்த மருந்தின் விலையைக் கேட்டதும் தென்னந்தோப்பை விற்கலாமா என்று அண்ணனும் நானும் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வேறு வழி சொன்னார். டாடா மெமோரியலில் நிவோலுமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, அதை வீட்டில் சாப்பிடுகிற மலிவான மாத்திரைகளோடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் என்றால் 16.3 சதவீதம், இதையும் சேர்த்தால் 43.4 சதவீதம். 2022ல் வெளிவந்தது. அம்மாவுக்கு அதுதான் ஓடுகிறது, தோப்பு இருக்கிறது.

எங்களை அலைய வைத்தது சோதனையைவிட மெழுகுக் கட்டிதான், அதாவது ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைக்கிற பிளாக். பழைய ஆபரேஷன் பிளாக் வேண்டும் என்று கேட்டார்கள், ஆபரேஷன் நடந்த இடத்தில் "தேடிப் பார்க்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் கிடைக்காமல் அம்மாவுக்குப் புதிதாக பயாப்சி எடுக்க வேண்டி வந்தது. அந்த வயதில், ரேடியேஷன் பட்ட வாயில், அது தேவையில்லாத கஷ்டம்.

மேல்புறத்துக்காரன்:

ஒரு முகாமில் ரத்தத்தை எடுத்து, வாய்க் கேன்சர் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லுகிறோம் என்றார்கள். அப்படி ஒன்று உண்டா தம்பி?

லேப் தம்பி, நாகர்கோவில்:

வாய்க் கேன்சருக்கு அப்படி நம்பி எடுக்கிற மாதிரி ரத்தச் சோதனை இல்லை அண்ணே. மூக்குக்குப் பின்னால் வருகிற ஒரு வகைக்கு மட்டும் ஈபிவி என்ற வைரஸின் டிஎன்ஏவை ரத்தத்தில் அளந்து பார்ப்பதுண்டு, அது வேறு கதை. வாய்க்கு டார்ச் லைட்டே போதும். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே 1996ல் ஆரம்பித்து, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்த ஆய்வு இருக்கிறது, 2005ல் வெளிவந்தது. போயிலையோ குடியோ உள்ளவர்களில் வாய்க் கேன்சர் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, ரெண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம், இதில் எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும்.

பாறசாலை அக்கா:

அந்த பிளாக்கை நாமே வாங்கி வைத்துக்கொள்ளலாமா தம்பி?

லேப் தம்பி, நாகர்கோவில்:

எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள் அக்கா, ஸ்லைடும் சேர்த்துக் கேளுங்கள். பிளாக்கின் ஓரத்தில் ஒரு நம்பர் இருக்கும், அது ரிப்போர்ட்டில் உள்ள நம்பரோடு ஒத்துப் போகிறதா என்று அங்கேயே வைத்துப் பாருங்கள். வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும், மெழுகுதானே, நம் ஊர் மேடச் சூட்டில் ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டியதில்லை.