ஒரு சிரிப்புக்காரர் சொல்லி நீங்கள் தேடிப் போனது எது?

சனிக்கிழமைதோறும் நண்பர்களுக்கு மூன்று விஷயம் அனுப்புவேன், பலருக்குத் தெரியும். சிரிக்க ஒன்று, போய்ப் பார்க்கவோ கேட்கவோ ஒன்று, படிக்க ஒன்று. வார இறுதிகளில் மேடையேறி நகைச்சுவை பேசுகிறவன் என்பதால், என்னைச் சிரிக்க வைப்பது எது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை, சொல்வதில் எனக்கும் சந்தோஷம். இந்த வாரம் கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். ஒரு நகைச்சுவைக் கலைஞர் சொல்லி, அல்லது அவரைப் பிடித்துப்போய் அவர் பின்னாலேயே நடந்து, நீங்கள் கண்டடைந்தது என்ன? புத்தகம், பாட்டு, கூத்து, எதுவானாலும் எழுதுங்கள். சுருக்கி எழுத வேண்டாம்.

முதலில் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது கிரேசி மோகன். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர், 1979-இல் சொந்த நாடகக் குழு தொடங்கியவர், ‘மைக்கேல் மதன காமராஜன்’ வசனம் எழுதியவர், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பேட்டி என்று உட்கார்ந்தால் தன் நாடகத்தைப் பற்றிச் சொல்வதைவிடத் தனக்குப் பிடித்தவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அந்த மனிதரின் முகம் மலரும். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. உட்ஹவுஸ், அப்புறம் நம் தேவன். கல்லூரி நாட்களில் தொலைக்காட்சியில் இந்த இரண்டு பெயரையும் கேட்டுவிட்டு கன்னிமாரா நூலகத்தில் போய்த் தேடினேன்.

தேவன் முதலில் கிடைத்தார். ஆனந்த விகடனில் வேலை பார்த்தவர், 1957-இல் நாற்பத்து மூன்று வயதிலேயே காலமாகிவிட்டார். ‘துப்பறியும் சாம்பு’வைப் படித்தவர்களுக்குத் தெரியும், சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, பார்த்தால் அசடு, ஆனால் எங்கே தடுக்கி விழுந்தாலும் அங்கே ஒரு திருடன் மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலனிலிருந்து ஊர் முழுக்க அவரை மேதை என்று கொண்டாடும். ஒருவர் பேசுவதை இன்னொருவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அந்தத் தப்பான அர்த்தத்தின் மேலேயே அடுத்த மூன்று பக்கம் ஓடுவதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கிரேசி மோகன் நாடகங்களில் கதாநாயகன் மாது ஒரு பொய் சொல்ல, அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் வர, கடைசியில் வீடே பொய்யில் நிற்கும் இல்லையா, அந்த வேகத்துக்கு விதை எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் தேவனிடம் சாம்புவோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் கட்சி. ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ அதைவிடப் பெரிய எழுத்து, ஜூரி முறை இருந்த காலத்துக் கொலை வழக்கு ஒன்றை நீதிமன்றத்தை விட்டு அதிகம் நகராமலேயே நடத்திக் காட்டுவார்.

அடுத்து வெண்பா. இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஓவியர் கேசவ் வரைந்த கண்ணன் படங்களுக்கு கிரேசி மோகன் வெண்பா எழுதிக்கொண்டே இருந்தார், ரமண மகரிஷியைப் பற்றியும் வெண்பாவில் எழுதினார். சினிமாவுக்கு ஜோக் எழுதுகிறவருக்கு வெண்பா எதற்கு என்று யோசித்தபடியே யாப்பு படிக்க உட்கார்ந்தேன். தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் இடையிலான ஓசைக் கட்டு, தட்டக்கூடாது, கடைசி அடியில் மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, மேடையில் கடைசிச் சொல்லில் சிரிப்பு வெடிக்க வேண்டும் என்று நாங்கள் படும் பாடும் இதுவும் ஒரே பயிற்சி. அங்கிருந்து காளமேகப் புலவர். ஒரே வெண்பா, பாம்புக்கும் பொருந்தும், வாழைப்பழத்துக்கும் பொருந்தும். சிலேடையை மட்டமான நகைச்சுவை என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பாட்டைத்தான் எடுத்து நீட்டுவேன்.

2019 ஜூன் 10 அன்று அவர் போய்விட்டார். அவர் கை காட்டியவர்களை இன்னும் படித்து முடிக்கவில்லை. சரி, நீங்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் டீச்சர்:

தம்பி, எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், கலைவாணர் என்.எஸ்.கே. ஒழுகினசேரிக்காரர், 1908-இல் பிறந்தவர். அவர் போன பிறகு பிறந்தவள் நான், நேரில் பார்த்ததில்லை. அம்மா பார்த்திருக்கிறார்கள், அந்தப் பெருமை அவர்களுக்குக் கடைசி வரை இருந்தது.

வில்லுப்பாட்டு எங்களுக்குப் புதிதில்லை. சுடலைமாடன் கோயில் கொடை, முத்தாரம்மன் கோயில் கொடை என்றால் வில்லடி இல்லாமல் ஏது? மணி கட்டிய வில், வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, ராத்திரி முழுக்கக் கதை ஓடும். ஆனால் சின்ன வயதில் அது சாமி காரியம், பயம் கலந்த விஷயம். கலைவாணர் அதே வில்லை எடுத்து காந்தியின் கதையைச் சொன்னார் என்று அம்மா சொன்ன பிறகுதான் அதை ஒரு கலையாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். அந்தக் காந்தி கதையை அவருக்கு எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம், நெல்லைப் பக்கம் சத்திரபுதுக்குளத்துக்காரர், சின்ன வயதிலேயே திறமையைப் பார்த்துக் கலைவாணர்தான் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். 2021-இல் பத்மஸ்ரீ வந்தது, 2022-இல் காலமானார். ஒரு சிரிப்பு நடிகர் ஒரு பையனைக் கூட்டிப் போகவில்லை என்றால் சென்னை சபாக்களிலும் ரேடியோவிலும் வில் இத்தனை காலம் ஒலித்திருக்குமா என்று அடிக்கடி நினைப்பேன்.

என்னைப் படிக்க வைத்தது கிந்தனார். நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் அதே அமைப்பில், சிதம்பரத்துக்குப் போக ஏங்கும் நந்தனுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் போக ஏங்கும் சிறுவனை வைத்து அவர் செய்தது. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டலாம் என்று எடுத்தேன். சொல்ல வேண்டுமானால் மூலம் தெரிய வேண்டுமே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனைகளை முழுதாகக் கேட்டேன், கேட்டால் அது வேறு உலகம். பாரதியாரைப் பற்றித் தேடினால் உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தில் கொண்டுபோய் விட்டது.

அதில் ஒரு இடம். பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் பாட்டு, கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடையாக நடக்கிறார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றனவே என்று பிள்ளையவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்தபோது பாரதியார் தமக்குள் பாடிக்கொண்டிருந்தது உள்ளே கேட்க, பிள்ளையவர்கள் உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் சுழித்தே பழகிய எனக்கு இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. தம்பி, உங்கள் தேவன் வேலை பார்த்த அதே விகடனில்தான் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை வாராவாரம் வந்தது.

கோவை:

நான் புத்தகம் படிக்கிற ஆளில்லை. நடிகர் விவேக் மரம் நடச் சொன்னார், நட்டேன். அப்துல் கலாம் சொன்னதை எடுத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி, கல்லூரிகளில் கன்று நட வைத்தாரே, அப்படி எங்கள் கல்லூரிக்கும் வந்தார். முதலில் சிரிக்க வைத்தார், பிறகுதான் வேலையைச் சொன்னார். அன்று வைத்த வேம்பும் புங்கனும் இப்போது மாடி உயரம். 2021 ஏப்ரலில் அவர் இறந்த செய்தி வந்தபோது பழைய நண்பர்கள் பலரும் அங்கே போய் ஆளுக்கொரு கன்று நட்டோம். இதையும் பரிந்துரையில் சேர்ப்பீர்களா?

செய்யாறு:

டீச்சர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வழி காட்டியவர் நகைச்சுவை நடிகரும் பத்திரிகை ஆசிரியருமான சோ. அரசியலில் அவரோடு எனக்கு உடன்பாடு மிகக் குறைவு, இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். 1970 பொங்கலன்று தொடங்கிய ‘துக்ளக்’ எங்கள் வீட்டுக்கு அப்பா காலத்திலிருந்தே வரும். கேள்வி பதிலைப் படித்துவிட்டு அப்பாவோடு சண்டை போடுவேன். அதே இதழில் அவர் எழுதிய ‘மகாபாரதம் பேசுகிறது’ தொடரைத்தான் இருவரும் சண்டையில்லாமல் படித்தோம். அம்புப் படுக்கையில் கிடந்துகொண்டு பீஷ்மர் தருமருக்கு அரசாட்சி பற்றிச் சொல்கிற சாந்தி பர்வம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, பிறகு வில்லிபாரதம். வில்லிபுத்தூரார் போர் முடிந்ததும் பத்துப் பருவத்தோடு நிறுத்திவிடுகிறார், சாந்தி பர்வத்துக்கே வருவதில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாவைப் பார்த்தால் கண்ணே மாறிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் வருஷா வருஷம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார், கீழே பெண்கள் பிள்ளை வரம் வேண்டி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம், துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். சின்ன வயதில் பார்த்தபோது வேடிக்கையாகத் தெரிந்தது. படித்துவிட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு அடவுக்கும் பின்னால் கதை நிற்கிறது.

நீங்கள் மேடையில் பேசுகிறவர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், கட்டியக்காரனைப் பாருங்கள். கூத்தில் முதலில் வருபவர் அவர்தான். திரைக்குப் பின்னால் ராஜா நிற்கிறார், ஆடை தெரிகிறது, கிரீடம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கட்டியக்காரன்தான் ‘நீ யாரப்பா, எந்த நாடு’ என்று கேட்டு ராஜாவைச் சபைக்குக் கொண்டுவருவார். துரியோதனனையே கேலி செய்யலாம், அவரை யாரும் தடுக்க மாட்டார்கள். நடுவில் நம் ஊர் ரோடு குழி, ரேஷன் கடை வரிசை எல்லாம் வரும், அடுத்த நிமிஷம் திரௌபதி துகிலுரிதல், ஊரே அழும். அந்தத் திருப்பத்தைச் செய்யத் தெரிந்தவர் பெரிய கலைஞர். புரிசை கண்ணப்ப தம்பிரான் வழியில் இன்றும் புரிசையில் கூத்து நடக்கிறது, செய்யாறிலிருந்து பக்கம்தான். வாருங்கள், இரவு தங்க எங்கள் வீடு இருக்கிறது.

மதுரை:

எல்லாம் சரி, ஒரு மறுப்பு. கிரேசி மோகன் சொன்னார் என்று நானும் உட்ஹவுஸ் எடுத்தேன், முப்பது பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஆங்கிலப் பிரபுக்கள், அவர்களின் அத்தைகள், கிளப்புகள். ஒரு நகைச்சுவைக்காரர் ரசித்ததை எல்லோரும் ரசிக்க முடியும் என்று சொல்லிவிடுவது அவ்வளவு எளிதில்லை. அதைவிட, அவர் பெயருக்காகப் பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்கிறவர்களும் நிறைய. கிரேசியின் நாடகக் கதாநாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்ற பெயர், அது பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் என்று படித்தபோது வந்த சந்தோஷம் எனக்கு உட்ஹவுஸில் வரவில்லை.

தொடங்கியவன்:

மதுரைக்காரரே, நியாயம். பிடிக்காவிட்டால் விட்டுவிடுவதுதான் சரி, ஆனால் ஒருமுறை வேறு வாசலில் நுழைந்து பாருங்கள். நாவலை விட்டுவிட்டு பிளாண்டிங்ஸ் கோட்டைச் சிறுகதைகளில் ஒன்று. எம்ஸ்வொர்த் பிரபு ஆசையாக வளர்க்கும் கொழுத்த பன்றி, போட்டி நெருங்கும் நேரத்தில் தீனி எடுக்க மறுக்கிறது, பன்றி மேய்ப்பவனோ சிறையில் இருக்கிறான். மனிதர் கலங்கிப்போகிறார். அமெரிக்காவில் பண்ணை வேலை பார்த்த ஒரு பையன் வந்து பன்றியைச் சாப்பிடக் கூப்பிடும் கூவலைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. மாடு கழனித்தண்ணீர் குடிக்கவில்லை என்று வீடே சோறு இறங்காமல் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரபு அந்நியர் இல்லை. இதுவும் பிடிக்கவில்லை என்றால் அடுத்து நான் வற்புறுத்த மாட்டேன்.

கோவை நண்பருக்கு: கட்டாயம் சேர்க்கிறேன்.

டீச்சர் அக்கா, ‘அவ்வை சண்முகி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேடையில் ஔவையாராக நடித்து அதையே பட்டமாகப் பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவாக. கிரேசி மோகன் வசனம் எழுதிய படத்தின் பெயருக்குள் இருக்கிற அந்த டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில்தான் உங்கள் கலைவாணரும் பையனாக இருந்து நடித்தார். சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யில் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை முழுக்க வருகிறது. ரயிலில் ஊர் ஊராகப் போவது, வசூல் இல்லாத ஊரில் மாட்டிக்கொள்வது, பிள்ளைகளுக்குக் குரல் உடைகிற வயது வந்தால் வேஷம் மாறிப்போவது, எல்லாம்.

ஆக இந்த வாரத்துக்கு: படிக்க ‘எனது நாடக வாழ்க்கை’, கேட்க நந்தனார் கீர்த்தனைகளும் அதையடுத்து கிந்தனாரும், இந்த வரிசையிலேயே கேளுங்கள். பார்க்க, கட்டியக்காரன். செய்யாறு அண்ணா, அடுத்த திருவிழாத் தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். வேறு யாரெல்லாம் வருகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள், சென்னையிலிருந்து ஒரு வேன் பேசிவிடலாம்.