மழைக்குப் பின் கிணற்றில் பிஎஃப்ஓஎஸ் கூடுவது ஏன்? மண்குழாய்ச் சோதனையில் ஒரு சிக்கல்

மண்மாணவி (புதுச்சேரி):
வணக்கம். சிதையாமல் நீடிக்கும் ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கும் வேகத்தை முதுகலை ஆய்வாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஎஸ் (PFOS), நீடித்து நிற்கும் கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009-இலேயே ஏறிவிட்டது என்றாலும், அதற்கு முன்பே மண்ணில் சேர்ந்தது அங்கேயேதான் இருக்கிறது.

கடலூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த மணற்பாங்கான மண்ணை 30 செ.மீ. உயரக் குழாயில் நிரப்பி, பிஎஃப்ஓஎஸ் கலந்த நீரை மேலிருந்து தொடர்ந்து சொட்டவிட்டேன். மண்ணை நீரில் கலந்து குலுக்கும் சோதனையில் கிடைத்த ஒட்டுதல் கெழு (சேர்மம் மண்துகளில் எந்த அளவு ஒட்டும் என்பது) கிலோவுக்கு 0.8 லிட்டர், மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராம், துளைமை (மண்ணின் கனஅளவில் துளைகளின் பங்கு) 0.4. இவற்றை வைத்துக் கணக்கிட்டால் பின்னடைவுக் காரணி 4 வருகிறது, நீரைவிட நான்கு மடங்கு மெதுவாகச் சேர்மம் நகரும் என்று பொருள். குழாயின் துளைகள் கொள்ளும் நீர் 12 செ.மீ., ஆகவே 48 செ.மீ. நீர் சென்றதும் அடியில் செறிவு, மேலே விட்ட நீரின் செறிவில் பாதியை எட்டியிருக்க வேண்டும். ஆனால் 90 செ.மீ. நீர் சென்ற பிறகே எட்டியது. குலுக்கல் சோதனையை மூன்று முறை செய்து பார்த்தும் கெழு மாறவில்லை. இதற்கு நேர்மாறாக, அதே பகுதியில் நான் கண்காணிக்கும் ஆழமில்லாத கிணறு ஒன்றில் கார்த்திகை மழைக்குப் பிறகு, நீர்த்துப் போகவேண்டிய செறிவு கூடியிருக்கிறது. குழாயில் தாமதமும் கிணற்றில் அவசரமும் ஒரே மண்ணில் எப்படி நேரும்?

ஊற்றுக்கண் (கடலூர்):
குழாயை முழுவதும் நீரால் நிரப்பினீர்களா, ஈரமாக மட்டும் வைத்திருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொட்டவிட்டதாகச் சொல்வதால் துளைகளில் பெரும்பகுதி காற்றாகவே இருந்திருக்கும் என்று கொள்கிறேன், ஈரப்பதம் (மண்ணின் கனஅளவில் நீரின் பங்கு) 0.15 என வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் நீங்கள் துளைமையைப் போட்ட இடத்தில் ஈரப்பதத்தைப் போட வேண்டும். நீரின் அளவாகக் கணக்கிடும்போது 0.15-உம், அடர்த்தியையும் கெழுவையும் பெருக்கி வரும் 1.2-உம் சேர்ந்து 1.35, அதை 30 செ.மீ. உயரத்தால் பெருக்கினால் 40.5 செ.மீ. ஆக, மண்துகளில் ஒட்டுவது மட்டுமே காரணமென்றால் பிஎஃப்ஓஎஸ் உங்கள் எதிர்பார்ப்புக்கும் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். உங்கள் 90-ஐ 30-ஆல் வகுத்தால் 3, அதில் 1.35 போக மீதி 1.65-ஐ வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

அது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு. இந்தச் சேர்மங்கள் சோப்பைப் போன்றவை: தலை நீரை நாடும், ஃப்ளூரின் வால் நீரை வெறுக்கும், ஆகையால் ஈரமண்ணின் ஒவ்வொரு துளையிலும் நீர்ப்படலத்தின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. குலுக்கல் சோதனையில் மண் நீரில் கரைந்த சேறாக இருப்பதால் இந்தப் பரப்பே அங்கு இல்லை. அதை முப்பது முறை செய்தாலும் இது தெரியாது.

கிணற்றுக்கும் இதுதான் விடை என்று கருதுகிறேன். வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும்போது மேல்மண்ணின் துளைகள் நிரம்புகின்றன, நீர்மட்டமும் கீழிருந்து ஏறுகிறது. காற்று வெளியேறியதும் அந்தப் பரப்பு மறைய, கோடை முழுவதும் அங்கே தங்கியிருந்தவை ஒருசேர நீருக்குள் இறங்குகின்றன.

கேப்பர்மலை:
மேலே சொன்னது சரி. ஆனால் அதைக் கடலூர் முழுமைக்கும் நீட்டிவிட வேண்டாம். உப்பனாற்றங்கரையில் இருப்பது வண்டலும் கடற்கரை மணலும். கேப்பர் மலையிலும் வானூர்ப் பக்கத்திலும் கடலூர் மணற்பாறையின் மேல் கிடக்கும் செம்மண் வேறு. செம்மண்ணின் இரும்பு ஆக்சைடுகள், மண் சற்று அமிலத்தன்மையோடு இருந்தால், எதிர்மின்னூட்டம் கொண்ட இந்தச் சேர்மங்களைத் தம் பங்குக்கு இழுத்துக்கொள்ளும். ஆற்றங்கரையிலோ ஓதம் ஏறுவதால் உப்பு சேர்கிறது. உப்பு கூடினால் ஒட்டுதலும் கூடும், நன்னீர் வந்து கழுவினால் தளரும். மழைக்குப் பின் செறிவு கூடியதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். கிணற்று நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனைக் கூடவே அளந்தீர்களா?

இன்னொன்று, தொழிற்பேட்டைப் பக்கத்து நீர் என்றதும் எல்லாவற்றையும் ஆலையின் தலையில் கட்டிவிடுகிறோம். தீயணைப்பு நுரையும், உரமாகக் கொட்டப்படும் கழிவுநீர்ச் சேறும் இதே சேர்மங்களைக் கொண்டுவரக் கூடியவை. நிலத்தடி நீர் வரும் திசையில், கிணற்றுக்கு மேற்கே உள்ள நிலத்தின் பழைய கதையை ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைச்சாலை:
விளக்கத்தைத் தேடுமுன் மாதிரி எடுத்த விதத்தைச் சொல்லுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அந்த அளவில், மோட்டார்க் குழாய் இணைப்பில் பிளம்பர் சுற்றிய டெஃப்லான் டேப்பும், மழையில் நீங்கள் அணிந்திருந்த நீர்புகாச் சட்டையும்கூட, ஃப்ளூரின் சேர்மம் கலந்திருக்கக் கூடியவை என்பதால், சந்தேகத்துக்கு உரியவையே. கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம். நீளமான கார்பன் சங்கிலி கொண்ட சேர்மங்கள் அதன் சுவரில் ஒட்டும். பாலிபுரோப்பிலீன் பாட்டிலில் எடுத்து, மாசற்ற நீரைக் கிணற்றடியிலேயே திறந்து ஊற்றிய வெற்று மாதிரி ஒன்றையும் ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டும். கோடையில் ஒருவரும் மழையில் வேறொருவரும் மாதிரி எடுத்திருந்தால் ஒப்பிடுவதே கடினம்.

மண்மாணவி:
மூவருக்கும் நன்றி. குழாய் நிரம்பியிருக்கவில்லை, எடைபோட்டுப் பார்த்த ஈரப்பதம் 0.15-ஐ ஒட்டித்தான் வந்தது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என் தவறு. இரு முறையும் நானே மாதிரி எடுத்தேன், வெற்று மாதிரியிலும் ஒன்றும் வரவில்லை. ஆனால் கடத்துதிறனை அளக்கவில்லை. காற்றுப் பரப்புதான் காரணம் என்பதைக் குழாயிலேயே உறுதிசெய்ய வழி உண்டா?

ஊற்றுக்கண் (கடலூர்):
இரண்டு வழிகள் உண்டு. அதே மண்ணைக் கீழிருந்து நீர் ஏற்றி முழுவதும் நிரப்பி மீண்டும் ஓட்டுங்கள், 48 செ.மீ. அளவில் வந்துவிட்டால் ஐயம் பெரும்பாலும் தீரும். அடுத்து, இதே குடும்பத்தில் நான்கு கார்பன் மட்டுமே உள்ள பிஎஃப்பிஏ-வை, மண்ணில் ஒட்டாமல் நீரோடு போகும் புரோமைடுடன் சேர்த்து ஈரக் குழாயில் அனுப்புங்கள். வால் குட்டையாக இருப்பதால் அது காற்றுப் பரப்பை அவ்வளவாக நாடாது. புரோமைடை ஒட்டியே வெளியேற வேண்டும். அதுவும் பெரிதாகத் தாமதித்தால் சிக்கல் உங்கள் நீரோட்டத்தில் இருக்கிறது, என் விளக்கத்தை ஒதுக்கிவிடலாம்.

கிணற்றைப் பொறுத்தவரை, நீர் மாதிரி மட்டும் போதாது. ஐப்பசிக்கு முன்பே ஒரு மீட்டர் ஆழத்தில் பீங்கான் முனை உறிஞ்சிகளைப் பதித்து, மண்ணீரை வாரந்தோறும் எடுங்கள். பதிக்கும் முன் அந்த முனை வழியாக அளவறிந்த கரைசலைச் செலுத்தி, அது எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று பார்த்துவிடுங்கள்.