இத்தாலியில் சனி ஞாயிறை எப்படிக் கழிக்கிறீர்கள்? லண்டனில் இருந்து புதிதாக வந்த குடும்பம் கேட்கிறது

ஹரோ_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் ஆறு வயது மகளும் லண்டன் ஹரோவில் இருந்து போலோஞ்ஞாவுக்குக் குடிவந்திருக்கிறோம். மூவருக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வந்ததால் விசா, கைரேகை, தங்கும் அனுமதி என்று எல்லா வெளிநாட்டவரும் நிற்கும் வரிசையில்தான் நாங்களும் நிற்கிறோம். அந்த வேலையை கணவரின் அலுவலகம் பார்த்துக்கொள்கிறது, அதைப் பற்றிக் கேட்க வரவில்லை.

என் கேள்வி சனி ஞாயிறு பற்றியது. கிழமை நாட்கள் ஓடிவிடுகின்றன, பள்ளி, வேலை, மொழி வகுப்பு, சமையல். வார இறுதி வந்தால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தாலிக்கு வந்துவிட்டு வீட்டில் இருப்பதா என்று ஃபிளாரன்ஸ் போனோம், வெனிஸ் போனோம். எங்கே பார்த்தாலும் வரிசை, கூட்டம், நடந்து நடந்து மகளுக்குக் கால்வலி, திங்கட்கிழமை காலையில் எல்லோரும் களைத்துப்போய் எழும்புகிறோம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பசிக்கும், அந்த நேரம் ஒரு உணவகத்திலும் அடுப்பு எரியாது. மத்தியானத்தில் சின்னக் கடைகள் பூட்டிவிடுகிறார்கள். எங்களிடம் கார் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டனில் சனிக்கிழமை என்றால் காலையில் தமிழ்ப் பள்ளி, ஞாயிறு என்றால் கோவில், இல்லாவிட்டால் யாராவது சித்தி, மாமா வீட்டில் சாப்பாடு. எங்கே போவது என்று யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இங்கே அந்த இரண்டு நாளையும் நாங்களே நிரப்ப வேண்டியிருக்கிறது. இங்கே பல வருடமாக இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? கார் வாங்குவது அவசியமா?

மோதெனா_அக்கா:

வாங்கோ தங்கச்சி. நானும் இங்கிலாந்தில் இருந்து வந்தவள்தான், பிரெக்ஸிட்டுக்கு முன்னமே வந்துவிட்டேன். நீங்கள் எழுதியதை வாசித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது வார இறுதிக்கு இத்தாலியிலேயே வசதியான ஊர்களில் ஒன்று.

முதலில் ஃபிளாரன்ஸையும் வெனிஸையும் சனி ஞாயிறில் தொடாதீர்கள். நீங்கள் இங்கேயே குடியிருக்கிறீர்கள், ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துப் போகலாம், அப்போது அதே ஊர் வேறு ஊராக இருக்கும். வெனிஸில் 2024இல் இருந்து வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். அந்த நாட்களில் பெரும்பாலானவை வார இறுதிகள்தான்.

சனி ஞாயிறுக்கு உங்களுக்கு வேண்டியது ரெஜியோனாலே என்கிற, ஊர் ஊராக நின்று போகும் சாதாரண ரயில். வேக ரயில் மாதிரி முன்பதிவு தேவையில்லை, கடைசி நிமிடத்தில் விலை ஏறாது, நான்கு வயதில் இருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பாதி விலை. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று முடிவெடுக்கலாம். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாத சீட்டுக்குத் தண்டம் கட்ட வேண்டி வரும்.

போலோஞ்ஞாவில் இருந்து ஃபெர்ராரா அரை மணி, முக்கால் மணிதான். ஊரைச் சுற்றிப் பழைய மதில் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர், அதன் மேலேயே மரநிழலில் சைக்கிள் ஓட்டலாம், ஊரே சமதரை, பிள்ளைக்குப் பயமில்லை. ஆனால் ஒரே ஒரு ஊர் சொல்லு என்றால் ராவென்னா என்பேன். சான் விதாலே தேவாலயம் 547இல் அர்ப்பணிக்கப்பட்டது, உள்ளே பேரரசர் ஜஸ்டினியனும் தியோடோராவும் பரிவாரத்தோடு சுவரில், சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள் பதித்த மொசைக் ஓவியமாக நிற்பார்கள். பக்கத்தில் ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியாவின் கல்லறை மண்டபம், வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டிடம், உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கடும் நீல விதானம் முழுக்கத் தங்க நட்சத்திரம். என் பிள்ளைகள் அருங்காட்சியகம் என்றாலே சிணுங்குகிறவர்கள், அங்கே கழுத்து நோகும்வரை மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தாலியின் பெரும் கவிஞர் தாந்தே 1321இல் இறந்ததும் அந்த ஊரில்தான், கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் இலவசம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாளும் இலவசம். ஆனால் ராவென்னாவில் சான் விதாலேயும் அந்த மண்டபமும் மறைமாவட்டத்துக்குச் சொந்தம், அவற்றுக்கு முதல் ஞாயிறிலும் சீட்டு வாங்க வேண்டும். கோத் அரசன் தியோடோரிக்கின் கல்லறையும் தேசிய அருங்காட்சியகமும் அரசுடையவை. அதனால் மொசைக் பார்க்க வேறு வாரம் போங்கள், நிம்மதியாக இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும், இந்த நாடு மாறாது. ஞாயிறு பெரிய சாப்பாடு ஒரு மணிக்கு. உணவகங்கள் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடும், பிறகு ஏழரைக்குத்தான். ஆறு மணிப் பசிக்கு பீட்சாவைத் துண்டு துண்டாக வெட்டி விற்கும் கடையோ பேக்கரியோ போதும். அதன் பிறகு ஊர் நடுவில் எல்லோரும் நடக்கிற நேரம், பிள்ளைகள் ஒன்பது மணிக்கும் சதுக்கத்தில் ஓடித் திரிவார்கள். வார இறுதியில் உங்கள் ஊரில் ரிஸோலி, உகோ பாஸ்ஸி, இந்திபெந்தென்ஸா தெருக்களை வண்டி விடாமல் மூடிவிடுவார்களே, அங்கே போய் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சும்மா இருந்து பாருங்கள்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்:

அக்கா சொன்னதில் பாதி சரி. ஊர்களுக்கு ரயில் போதும், மலைக்குப் போதாது. நான் கோயம்புத்தூர்க்காரன், பர்மிங்காமில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது தூரினில் இருக்கிறேன், எனக்கு வார இறுதி என்றாலே மலைதான். பஸ் அட்டவணை திங்கள் முதல் சனி வரைக்கும் ஒன்று, ஞாயிறுக்கும் விடுமுறை நாளுக்கும் வேறொன்று. சின்னப் பள்ளத்தாக்குகளில் அந்த இரண்டாவது அட்டவணையில் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் இருந்தாலே பெரிது. திரும்பி வரும் பஸ்ஸை முதலில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அதற்காகக் கார் வாங்கு என்று சொல்ல மாட்டேன். மாதம் ஓரிரு முறை வாடகைக்கு எடுத்தால் போதும், போலோஞ்ஞா மாதிரி ஊரில் சொந்தக் கார் வைத்தால் நிறுத்த இடம் தேடியே ஞாயிறு போய்விடும். லைசென்ஸ் விஷயத்தில் உங்களுக்கு நல்ல காலம். 2023 மார்ச் 30 முதல் பிரிட்டிஷ் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு இத்தாலிய லைசென்ஸ் வாங்கலாம், பரீட்சை எழுத வேண்டாம். அதற்கு முன்னால் வந்தவர்கள் இத்தாலிய மொழியில் பரீட்சை எழுதும் நிலையில் மாட்டியிருந்தார்கள். குடியிருப்பைப் பதிந்த நாளில் இருந்து ஒரு வருஷம்தான் பழைய லைசென்ஸில் ஓட்டலாம், அதனால் கணவரை இப்போதே மருத்துவச் சான்றிதழுக்கு அலையச் சொல்லுங்கள், கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

வாடகைக் கார் எடுத்தால் பழைய ஊர்களுக்குள் நுழையும்போது ZTL பலகையைக் கவனியுங்கள், அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாத பகுதி என்று அர்த்தம், சிவப்பு வட்டம் போட்டிருக்கும். உள்ளே போனால் கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும், அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும், அதோடு வாடகைக் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதுதான் சரி.

உங்கள் பக்கத்தில் அப்பெனைன் மலை இருக்கிறது. பாதைகளில் பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டு எண் எழுதியிருப்பார்கள், இத்தாலிய ஆல்பைன் கழகத்தின் அடையாளம் அது, அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். ரயிலில்தான் போவேன் என்றால் ஃபாயென்ஸாவில் மாறி ப்ரிஸிகெல்லா போங்கள். மலையடி ஊர், மூன்று குன்றின் மேல் கோட்டை, மணிக்கூண்டு, தேவாலயம், கீழே கழுதைகள் போய்வந்த மூடிய தெரு. ஆறு வயதுக்கு ஏறக்கூடிய உயரம்தான்.

ரயிலை நம்பினால் வேலைநிறுத்த நாளையும் பார்த்து வைக்க வேண்டும். சட்டப்படி பத்து நாள் முன்னறிவிப்பு உண்டு, போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பட்டியல் இருக்கும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். ஞாயிறில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேட்காத ஒன்று, ஆனால் சனிக்கிழமை சமையல் நேரத்தில் தேவைப்படும்: லண்டன் கெட்டிலைக் கொண்டுவந்திருந்தால் அது தனியாகவே ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கும். இங்கே பெரும்பாலான வீட்டு மின் ஒப்பந்தமே மொத்தம் 3 கிலோவாட்தான். மின் அடுப்பும் (oven) கெட்டிலும் ஒன்றாக ஓடினால் வீடே இருண்டுவிடும். மின் நிறுவனத்திடம் சொல்லி 4.5க்கு உயர்த்தலாம்.

பலெர்மோ_பெரியவர்:

பிள்ளை, எல்லோரும் இடம் சொல்லிவிட்டார்கள். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பிரித்தானியாவில் இருந்ததில்லை, ஊரில் இருந்து நேரே சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்தவன், இங்கேயே தலை நரைத்துவிட்டது.

இங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெல்லெக்ரினோ மலைக்கு ஏறுவோம். மேலே குகைக்குள் சாந்தா ரொஸாலியாவின் கோவில். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றியவள் என்று இந்த ஊர்க்காரர் கும்பிடுகிற பெண் அவள். கத்தோலிக்கர் மட்டுமில்லை, எங்கள் சைவக் குடும்பங்களும் பூவோடும் மெழுகுதிரியோடும் போகும், குகைச் சுவரில் இருந்து தண்ணீர் சொட்டும், வெளியே வந்து படியில் இருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவோம். செப்டம்பர் 4 அவளின் திருநாள், முதல் நாள் இரவே சனம் நடந்து ஏறத் தொடங்கிவிடும், வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு. மலையேறி ஒரு தெய்வத்தைக் கும்பிடுவது எங்களுக்குப் புதிதா? முதல் வருடங்களில் எங்களுக்குப் பிடிமானமாக இருந்தது அந்த மலைதான்.

நான் சொல்ல வருவது, போலோஞ்ஞாவிலும் நீங்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஒவ்வொரு வாரமும் புது ஊர் பார்த்தால் ஒருத்தரையும் தெரியவராது. ஒரே பூங்கா, ஒரே நேரம், ஒரே காப்பிக் கடை. பள்ளியில் பிறந்தநாள் அழைப்பு வந்தால் எந்தப் பயணத்தையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள், இத்தாலியத் தாய்மார் அங்கேதான் பேசுவார்கள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு உங்களைக் கூப்பிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டு ஆட்கள்தான். நீங்களும் கூப்பிடுங்கள், இடியப்பமும் சொதியும் வையுங்கள், உறைப்பை மட்டும் குறையுங்கள்.

ஹரோ_வீடு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஐயா, உங்கள் பதிலைக் கணவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். நாங்கள் ஒரு வாரம் ஊர் சுற்றுவது, அடுத்த வாரம் ஊரிலேயே இருப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். மகளின் வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் தாய் மார்கெரீத்தா தோட்டத்துக்கு ஞாயிறு காலையில் வருவதாகச் சொன்னார், அங்கிருந்து தொடங்குகிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. குளிர்காலத்தில் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் என்கிறார்களே, அப்போது என்ன செய்வது? நத்தார் முடிந்து லண்டனில் இருந்து அப்பா வருகிறார், அவருக்கு இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் பெரிய ஆர்வம். அவரை எங்கே கூட்டிப்போகலாம்? சாமான் ஏதும் கொண்டுவரச் சொல்லலாமா?

மோதெனா_அக்கா:

மழைக்கு உங்கள் ஊரை மிஞ்ச ஊரில்லை. போலோஞ்ஞாவின் தூண் மண்டப நடைபாதைகள் எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சரகோஸா வாசலில் இருந்து சான் லூக்கா தேவாலயம் வரை நடந்து பாருங்கள், 666 வளைவுகள், குன்றின் உச்சி வரைக்கும் கூரை உண்டு, குடை தேவையே இல்லை. கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், மகளுக்கு வளைவு எண்ணும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சூடு விஷயம், உங்கள் பகுதியில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் சூடேற்றி போடலாம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் பதினான்கு மணிநேரம். அப்பாவுக்குத் தடித்த போர்வை எடுத்து வையுங்கள்.

அவரை ஃபொர்லிக்குக் கூட்டிப்போங்கள், ரயிலில் ஒரு மணிநேரத்துக்குள். அங்கே இந்தியப் படையினருக்கான போர்க்கல்லறை இருக்கிறது, எரியூட்டப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னமும் அதே இடத்தில். இந்தியப் படையின் 4, 8, 10ஆம் டிவிஷன்கள் இத்தாலியில் சண்டையிட்டன. அந்தப் பகுதியில்தான் செனியோ ஆறு, 1945 ஏப்ரல் 9 அங்கே நடந்த சண்டைக்காக நாம்தேவ் ஜாதவுக்கும் அலி ஹைதருக்கும் பிரித்தானியாவின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. லண்டனில் இருந்து வருகிற எங்கள் ஆட்கள் பலருக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது, நான் போகும்போது பூ கொண்டுபோவேன்.

சாமானில் தேயிலை, மிளகாய்த்தூள், அரிசிமா எல்லாம் கொண்டுவரலாம். இறைச்சியும் பால் பொருட்களும் பிரித்தானியாவில் இருந்து இப்போது கொண்டுவர முடியாது, செடார் சீஸும் சாண்ட்விச்சில் வைத்த ஹாமும் பிடிபடும். பார்சலில் அனுப்பினால் சுங்கவரி வந்து சேரலாம், பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.