வெள்ளத்தின்போது எனக்கு ஆறாம் மாசம்

2015 டிசம்பர் 1 இரவு. சென்னை ஜாஃபர்கான்பேட்டையில் தரைத்தள வீடு. எனக்கு ஆறாம் மாசம். வாசலில் இருந்த அடையாற்றுத் தண்ணீர், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுப்பதற்குள் முழங்கால் வரை வந்துவிட்டது. ஸ்கேன் ஃபைலை மட்டும் அரிசிப் பைக்குள் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மூன்று நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. வேலைக்குப் போன கணவர் எங்கே என்றே தெரியாது. பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

மார்ச்சில் மகன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் இரண்டரை வயதிலும் நாலைந்து சொல்தான் பேசுவான். பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் பலூனுக்கு ஓடும். இவன் என் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு நிற்பான். “மாசமா இருக்கும்போது நீ அழுதே இல்ல, அதான்” என்றார் ஒரு சொந்தக்காரர். பல வருஷம் அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அப்புறம்தான் கனடா ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1998 ஜனவரியில் கியூபெக்கில் உறைபனி மழை கொட்டி மின்கம்பங்கள் சாய்ந்தன. சில வீடுகளில் ஐந்து வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை சூசான் கிங் என்ற ஆய்வாளரின் குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. தாய் எத்தனை நாள் இருட்டில் கிடந்தாள் என்பதையும், எவ்வளவு கலங்கினாள் என்பதையும் தனித்தனியாகக் கணக்கெடுத்தார்கள். இரண்டு வயதில் பிள்ளைகளின் பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்கியது முக்கியமாக முதல் கணக்கோடுதான் ஒத்துப்போனது. அந்த வரியைப் படித்துவிட்டு அழுதேன். என் கண்ணீரை மட்டும் குற்றவாளியாக்கியிருந்தார்களே!

வேறு சில விஷயங்களில், மற்றவர்களோடு பழகுவது உட்பட, தாயின் கலக்கத்துக்கும் பங்கு தெரிந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் தாயிடமிருந்து வரும்போது அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். கடுமையான அழுத்தம் நீண்டால் அந்தக் காவல் தளரக்கூடும் என்கிறார்கள். ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. என் மகன் பேசத் தாமதமானதற்கு வெள்ளம்தான் காரணம் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது.

—

அக்கா, நான் கிராம சுகாதார செவிலியர். போன வருஷம் ஏழாம் மாசத்தில் ஒரு பொண்ணு வந்தாள். பி.பி., எடை, இரும்புச்சத்து மாத்திரை, எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது “தூக்கம் வருதாம்மா?” என்று சும்மா கேட்டேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாள். வீட்டில் கடன்காரன் தினமும் வாசலில் நிற்கிறானாம். எங்கள் பதிவேட்டில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. 2011 வெள்ளத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே மாதிரி ஆய்வு நடந்தது. கர்ப்பம் முழுக்கத் தெரிந்த அதே செவிலியரே பார்த்துக்கொண்ட தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு குறைவாக இருந்ததாம். அதைப் படித்ததிலிருந்து யார் வந்தாலும் முதலில் தூக்கத்தைத்தான் கேட்கிறேன்.

—

தங்கச்சி, அன்று மாடி வீட்டு அம்மா தன் பங்குக் கஞ்சியை எனக்குக் கொடுத்து, இரவெல்லாம் காலைப் பிடித்துவிட்டார். மகன் மூன்று வயதில் பேச்சுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கினான். இப்போது நன்றாகப் பேசுகிறான். கூட்டம் மட்டும் இன்னும் ஆகாது. அந்த அம்மா வீட்டுக்கு என்றால் எனக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.